தள்ளினால் திறக்கிற கதவு

கதவைச் சாத்தினேன். மூடிக்கொண்டது. ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் போடத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கதவு கையகலம் திறந்து நிற்கிறது, யாரோ உள்ளேயிருந்து எட்டிப் பார்ப்பதுபோல.

காலையிலிருந்து இதே கூத்துதான். என் தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். ஆனால் நான் பார்ப்பதெல்லாம் காந்தக் கதவு வைத்த ஃபிரிட்ஜுகள். இது எங்கள் வீட்டுப் பழைய ஃபிரிட்ஜ், கார் கதவில் இருப்பது மாதிரி கனமான கைப்பிடியும் அதற்குள் ஒரு பூட்டும் உள்ளது. கதவைச் சாத்தினால் பூட்டின் இரும்பு நாக்கு பெட்டியின் விளிம்பில் இருக்கிற குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். கைப்பிடியை இழுத்தால் நாக்கு உள்வாங்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

ஒரு கதவு தானாகத் திறந்தால் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டேன். பெட்டி முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்தேன்; நிமிர்ந்துதான் நின்றது. கீல் தொங்குகிறதா என்றால் இல்லை. கதவைச் சுற்றியிருந்த பழைய ரப்பர் வெந்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி தொய்ந்துபோயிருந்ததால் புதிதாக, கனமாக வாங்கி மாட்டியிருந்தேன். காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி உருவிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் வந்தது. நாக்கின் ஸ்பிரிங்கையும் மாற்றியாயிற்று. இருந்தும் மூடுகிறது, கொஞ்ச நேரம் யோசிக்கிறது, திறந்துகொள்கிறது.

"ஊர்ல இருக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் உன்னைக் கண்டா நடுங்குது. நம்ம வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் உன்னை மதிக்க மாட்டேங்குதே," என்றான் தம்பி. "உள்ளூர் மாடு விலைபோகாதுன்னு சும்மாவா சொன்னாங்க!"

"நீ வாயை மூடு. முதல்ல அது மூடுதான்னு பாக்கலாம்."

தம்பி இந்த இடத்தில் ஐஸ்கிரீம் கடை திறக்கிறான்; ஃபிரிட்ஜும் அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறது. மறுநாள் காலை திறப்பு. கடைக்கு 'அந்தக் காலம்' என்று பேர் வைத்திருக்கிறான். மூலையில் பழைய சைக்கிள் டயர், அதை உருட்டுகிற குச்சி. மேசைமேல் சுழற்றுகிற டெலிபோன். ஒரு சுவர் முழுக்க, நாங்கள் குடியிருந்த தெருப் பிள்ளைகள் ஒரு லாரியின் கூரைமேல் உட்கார்ந்திருக்கிற புகைப்படம், ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியது. நான் இருக்கிறேன், அவன் இருக்கிறான். அவன் தோளில் கை போட்டபடி, முகத்தில் பாதியைக் கண்ணே எடுத்துக்கொண்ட ஒரு பெண் இருக்கிறாள். முட்டைக்கண்ணி. அப்படித்தான் தெருவே அவளைக் கூப்பிடும், அவள் குடும்பம் ஊர் மாறிப் போகும்வரை.

எதிர்ச் சுவரில் பெயின்டர் ஏணிமேல் நின்று எழுதிக்கொண்டிருந்தார்.

'ஹெல்மெட் இல்லை. சீட் பெல்ட் இல்லை. செல்போன் இல்லை. கூரைமேல் ஓடினோம். குழாயில் வாய் வைத்துக் குடித்தோம். எங்களுக்கு ஒன்றும்...'

அதற்குமேல் இன்னும் எழுதவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்தது. எனக்குக் காதோரம் சூடேறியது.

'ஒன்றும் ஆகவில்லை' என்ற வாக்கியத்தைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரம் போகாது. மூன்று முனை பிளக்கில் மேலே ஒரு தடித்த முனை இருக்கும். சுவரில் இரண்டு துளைதான் என்றால் அந்த மூன்றாவதை ரம்பம் வைத்து அறுத்துவிடுவார்கள். அந்த முனை தினமும் எந்த வேலையும் செய்வதில்லை. அதை அறுத்தாலும் ஃபிரிட்ஜ் ஓடும், தண்ணீர் குளிரும். ஏதோ ஒரு நாள் உள்ளே ஒயர் தேய்ந்து தகரத்தைத் தொடும். அன்றைக்கு மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோவது அதன் வேலை. அது இல்லையென்றால் கதவைத் தொடுகிறவர் வழியாகப் போகும். 'இத்தனை வருஷமா இப்படித்தான் இருக்கு, ஒண்ணும் ஆகலையே' என்பார்கள். ஒன்றும் ஆகாத வீட்டில்தானே என்னிடம் பேச ஆள் இருக்கும்?

"அந்தச் சுவர்ல அது வேணாம்டா," என்றேன்.

"எது?"

"கடைசி வரி."

அவனுக்கும் சுருக்கென்று கோபம் ஏறியது. "உனக்கென்ன தெரியும்? நகராட்சி ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தாரு. மேசைக்கு முனை இருக்கக் கூடாதாம். முனை இல்லாம இருக்க மேசை என்ன பந்தா? மரக்குதிரை வெச்சேன், உயரம் ஜாஸ்தின்னு காலை வெட்டச் சொன்னாரு. கால் வெட்டினா அது குதிரையா, முதலையா? பிள்ளைங்களப் பஞ்சுல சுத்தி டப்பாவுல வெச்சிருக்கோம்க்கா. அதுங்க கையில ஒரு போனைக் குடுத்துட்டோம். விழுந்தா எப்படி எழுந்திருக்கணும்னுகூட அதுங்களுக்குத் தெரியல. நாம அப்படியா வளர்ந்தோம்?"

அவன் சொன்னதில் பாதி சரி. அதுதான் எனக்கு இன்னும் கோபம். லாரிக் கூரைமேல் படுத்துக்கொண்டு போகும்போது மரக்கிளை முகத்தைத் தொட்டுவிட்டுப் போகுமே, அந்தக் குளிர்ச்சி எனக்கும் மறக்கவில்லை. அதில் பொய் இல்லை. அடுத்த வரியில்தான் பொய்.

"சரி, இதைப் போட்டுப் பாரு." தம்பி ஒரு பொட்டலத்தை நீட்டினான். "பழைய இரும்புக் கடைக்காரர் தேடித் தந்தாரு. அதே கம்பெனி, அதே மாடல். பூட்டு அப்படியே புதுசு."

பழைய பூட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டினேன். கதவைச் சாத்தினேன்.

டக்.

கெட்டியான சத்தம். எங்கள் வீட்டில் இந்தக் கதவு இப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. நாங்கள் அறிந்தது 'க்ளப்' என்று ஒரு மெத்தென்ற ஓசை. கதவை ஆட்டினேன். அசையவில்லை. காத்திருந்தேன். திறக்கவில்லை.

"ஆஹா!" என்று தம்பி கைதட்டினான். உள்ளேயிருந்த தட்டுகளை வெளியே எடுத்து அடுக்கத் தொடங்கினான்.

"தட்ட எதுக்குடா எடுக்கற?"

"இதுதானே கடையோட அயிட்டமே! பிள்ளைங்க உள்ள ஒளிஞ்சுக்கும். நாம மூடுவோம். அப்பா அம்மா வெளிய வீடியோ எடுக்க ரெடியா நிப்பாங்க. பிள்ளை உள்ளேருந்து தள்ளும், கதவு திறக்கும், ட்டா! நான் இதுக்குள்ள எத்தனை தடவை ஒளிஞ்சிருக்கேன் தெரியுமா? ரிப்பேராகிப் பின்கட்டுல கிடந்தப்போ கண்ணாமூச்சின்னா எனக்கு இதுதான் இடம். ஒரு தள்ளு, திறந்துக்கும்."

உண்மைதான். நானும் ஒளிந்திருக்கிறேன். ஒரு தள்ளு, திறந்துகொள்ளும். அதனால்தான் அவன் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. மனம் வேறொரு கேள்வியில் இருந்தது: ஒரே மாதிரி இரண்டு பூட்டு. ஒன்று பிடிக்கிறது, ஒன்று பிடிக்கவில்லை. ஏன்? பழைய பூட்டைக் கையிலெடுத்து ஜன்னல் பக்கம் போனேன்.

"வாலு, இங்க வா. ஒத்திகை பாத்துடலாம்," என்று தம்பி கூப்பிடுவது கேட்டது. வாலு பெயின்டரின் மகள். காலையிலிருந்து ஏணிக்கடியில் தூரிகைகளைக் கழுவித் தருகிறேன் பேர்வழி என்று தன் கை கால் எல்லாம் சிவப்பாக்கிக்கொண்டிருந்தவள். ஓடி வந்து ஏறிக்கொண்டாள்.

நாக்கை வெளிச்சத்தில் திருப்பினேன். வாசல் கதவுப் பூட்டின் நாக்கை யாரும் பார்க்கலாம்: ஒரு பக்கம் சரிவாக இருக்கும், மறுபக்கம் தட்டையாக இருக்கும். சரிவுப் பக்கம் விளிம்பில் மோதினால் வழுக்கி உள்வாங்கும். அதனால் கதவைச் சாத்தினாலே மாட்டிக்கொள்ளும். தட்டைப் பக்கம் வழுக்காது. அதனால் எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. என் கையிலிருந்த நாக்குக்கு இரண்டு பக்கமும் சரிவு. ஒரு சரிவில் கம்பெனி முலாம் பளபளத்தது. இன்னொன்று வெறும் இரும்பு. அதில் குறுக்கும் மறுக்குமாகக் கீறல்கள். அரம் போட்ட கீறல்கள்.

யாரோ உட்கார்ந்து அராவியிருக்கிறார்கள். உள்ளேயிருந்து தள்ளினால் வழுக்கித் திறக்கட்டும் என்று. பழைய தொய்ந்த ரப்பர் கதவைத் தள்ளாததால் அந்த வழுக்கல் நாக்கே போதுமானதாக இருந்தது. என் புதிய ரப்பர் அமுங்கி எதிர்த்துத் தள்ளுகிறது. அதனால்தான் திறந்துகொண்டது. அப்படியென்றால் இப்போது மாட்டியிருக்கிறதே, அதன் மறுபக்கம்...

டக்.

"தள்ளு வாலு!" என்றான் தம்பி சிரித்துக்கொண்டே. கைகள் இரண்டையும் ஏந்தினாற்போல் விரித்து நின்றான். "நல்லாத் தள்ளு!"

ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பெட்டியின் சுவருக்குள் நாலு விரல் தடிமனுக்குப் பஞ்சு அடைத்திருக்கும். சூடு உள்ளே போகக் கூடாது என்று அடைத்தது. சூட்டைத் தடுக்கிறது சத்தத்தையும் தடுக்கும். உள்ளே கத்தினால் வெளியே நிற்கிறவன் காதில் விழாது.

"திறடா!" என்று நான் ஓடினேன். எனக்கு முன்னால் அம்மா ஓடியிருந்தாள். பின்னறையில் கண்ணாடிக் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தவள். கிண்ணம் உடைகிற சத்தம் பிறகுதான் எனக்கு உறைத்தது. கைப்பிடியை இழுத்து, வாலுவை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, அவளை ஏணியிலிருந்து குதித்து வந்த பெயின்டரின் கையில் திணித்துவிட்டு, தம்பி முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"தள்ளினேன், திறக்கல," என்றாள் வாலு, தன் அப்பாவிடம். மெதுவாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

"என்னம்மா, ஒரு நிமிஷம்கூட ஆகல, நான் பக்கத்துலயேதான..." என்றான் தம்பி, முதுகைத் தடவியபடி.

"அந்தச் சத்தம்! எவன்டா அந்தப் பூட்டைப் போட்டது?"

"நான்தான்மா," என்றேன். உள்ளங்கையை விரித்துப் பழைய நாக்கைக் காட்டினேன். "இதை யாரு அராவினது?"

அம்மா அதைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. "நான்தான். தையல் மெஷினுக்கு வெச்சிருந்த அரம். ஒரு பகல் பூரா ஆச்சு. கை கொப்புளம் போட்டுச்சு."

"உனக்கு எப்படிம்மா..."

"எப்படின்னா? பக்கத்துல துணி பீரோ நிக்குது. அதைத் தள்ளினா திறக்குது, இது திறக்க மாட்டேங்குது. ரெண்டையும் தொட்டுப் பாத்தேன். பீரோவுது உருண்டையா இருந்துச்சு. இதுல ஒரு பக்கம் சப்பையா இருந்துச்சு. அதை உருண்டையாக்கினேன். இதுக்குப் பெரிய படிப்பா வேணும்? பயம் இருந்தாப் போதும்."

"எதுக்குப் பயம்?" என்றான் தம்பி.

அம்மா சுவர்ப் படத்தின் பக்கம் பார்த்தாள். பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பியபோது முகம் அவளுடையதாக இல்லை.

"முட்டைக்கண்ணி ஊர் மாறிப் போகலடா."

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ரேடியோ ரிப்பேர்க் கடைக்குப் பின்னால காலி இடம் இருந்துச்சுல்ல? அங்க இதே மாதிரி ஒரு ஃபிரிட்ஜ் கிடந்துச்சு. கண்ணாமூச்சி ஆடினீங்க. எல்லாரும் அகப்பட்டீங்க, அவ அகப்படல. நீங்க வீட்டுக்கு வந்துட்டீங்க, சாப்பிட்டீங்க. அவ அம்மா தேட ஆரம்பிச்சா. தெருவே தேடுச்சு. நானும் அந்த இடத்துக்குப் போனேன். பேரைச் சொல்லிக் கத்தினேன். கால் வலிச்சுதுன்னு அந்த ஃபிரிட்ஜ்மேலயே கையை ஊணிக்கிட்டு நின்னு கத்தினேன்டா. அந்த ஃபிரிட்ஜ்மேலயே."

ஊன்றிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டாள்.

தம்பி செல்போனை எடுத்தான். என்ன பார்க்கிறான் என்று எனக்குத் தெரியும். அந்தப் படத்தைப் போட்டு, அவள் முகத்தைச் சுற்றி வட்டம் வரைந்து, 'சின்ன வயசில் ஊர் மாறிப் போய்விட்டாள். யாருக்காவது தெரியுமா? கடைத் திறப்புக்கு இவள் வந்தால் முதல் ஐஸ்கிரீம் இவளுக்குத்தான்' என்று எழுதியிருந்தான். எத்தனையோ பேர் பகிர்ந்திருந்தார்கள். 'நிச்சயம் வருவாள்' என்று யாரோ பூப்படம் போட்டிருந்தார்கள்.

"ஏன் சொல்லல?" என்றான். குரல் உடைந்து, உடனே உயர்ந்தது. "ஏம்மா சொல்லல? இத்தனை வருஷம்! நான் ஊர் முழுக்கச் சொல்லிட்டுத் திரியறேன், எங்க காலத்துல ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகலன்னு!"

"சின்னப் பிள்ளைங்க, தூங்காதுங்கன்னு தெருப் பெரியவங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணினோம். அவங்க குடும்பமும் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. ஊர் மாறிட்டாங்கன்னு சொன்னது முழுப் பொய்யும் இல்ல."

"நாங்க வளர்ந்தப்புறம்?" என்றேன். கோபம் யார்மேல் என்றே புரியவில்லை. "தூங்காம இருந்திருந்தா என்னம்மா போயிருக்கும்? ஒருத்தர் வீட்டுல கதவைக் கழட்டியிருப்பாங்க, ஒருத்தர் கயித்தைக் கட்டியிருப்பாங்க, நீ அராவின. எல்லாரும் ரகசியமா சரிபண்ணிட்டு, எங்ககிட்ட மட்டும் ஒண்ணும் நடக்காத மாதிரி காட்டினீங்க. நாங்க அதை நம்பி, ஃபிரிட்ஜுன்னா தள்ளினா திறக்கும்னு நினைச்சு வளர்ந்திருக்கோம்! இன்னைக்கு நான், என் கையாலயே, நீ அராவினதைக் கழட்டிட்டு அந்தப் பூட்டைப் போட்டிருக்கேன்!"

"கத்து," என்றாள் அம்மா. "நல்லாக் கத்து. நானும் அந்தப் பேரைச் சொல்லி இத்தனை வருஷம் கத்தல." பிறகு எங்களைவிட உரக்கக் கத்தினாள்: "ஆனா அந்தச் சுவர்ல அதை மட்டும் எழுதினீங்க, சுவத்தோட சேத்து இடிச்சுடுவேன்!"

பெயின்டர் மகளைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. ஒரு கையால் துணியை எடுத்து, ஈரம் காயாத 'எங்களுக்கு ஒன்றும்' என்பதைத் துடைத்தார். யாரையும் கேட்கவில்லை. "என்னைக் கூலிக்குக் கூப்பிட்டீங்க சார், அதுக்காக எதை வேணாலும் எழுதணும்னு இல்ல," என்றார். தம்பி அவர் அருகில் போய் வாலுவின் காலைத் தொட்டான். அவர் நகர்ந்து நின்றார். தம்பி அங்கேயே நின்றான். திட்டு வாங்கக் காத்திருந்தவன்போல. அவர் திட்டவும் இல்லை.

திரும்பி வந்து ஃபிரிட்ஜை ஓர் உதை விட்டான். "இதை இப்பவே தூக்கி இரும்புக் கடையில போடறேன்."

"போடு," என்றாள் அம்மா. "அங்கயும் பிள்ளைங்க ஓடியாடிட்டுத்தான் இருக்கும். காலி இடத்துல கிடந்தது யாரோ வேணாம்னு தூக்கிப் போட்டதுதான்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்கு அழுகை வராது. வேலைதான் வரும். வண்டியிலிருந்து கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் முன்னால் முட்டிபோட்டேன்.

"பழைய நாக்கையே போட்டுடேன்க்கா," என்றான் தம்பி.

"புது ரப்பருக்கு அது நிக்காது. திறந்து திறந்து நிக்கும். அப்புறம் வேற எவனாவது வந்து நல்ல பூட்டாப் போட்டுச் சரிபண்ணுவான், நான் பண்ணின மாதிரி. பூட்டே இருக்கக் கூடாது."

"பூட்டு இல்லாம கதவு எப்படி நிக்கும்?"

விளக்கிக்கொண்டே செய்தேன், எனக்கு வேறு வழி தெரியாது. பூட்டுக்கு யார் தள்ளுகிறார்கள் என்று தெரியாது. பிடித்தால் பிடித்ததுதான். காந்தம் அப்படியில்லை. தகரத்தை ஒட்டியிருக்கும்வரை கெட்டியாகப் பிடிக்கும். ஒரு நகக்கண் அளவு விலகினாலே விட்டுவிடும். புதிய ஃபிரிட்ஜ் கதவுகளில் ரப்பருக்குள்ளே காந்தப் பட்டை ஓடுவதற்கு அதுதான் காரணம். மின்சாரம் மிச்சம் என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பூட்டு எதனால் ஒழிந்தது என்று ஒருநாளும் நான் யோசித்ததில்லை. எத்தனை முட்டைக்கண்ணிகளோ.

தம்பி எழுந்து வந்து பெட்டி விளிம்பின் பழைய பெயின்டை உரசி எடுத்தான். பெயின்ட் தடித்திருந்தால் காந்தத்துக்கும் இரும்புக்கும் இடைவெளி விழும் என்று நான் சொன்னதால், வெறும் தகரம் தெரிகிறவரை உரசினான். எடுத்து அடுக்கிய தட்டுகளைத் தானே திரும்ப உள்ளே வைத்து, ஒவ்வொன்றையும் ஸ்க்ரூ போட்டு முடுக்கினான். கண்ணைத் துடைத்துக்கொண்டது உரசிய தூசிக்காகவும் இருக்கலாம். அம்மா இரண்டு நாக்குகளையும் வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இருட்டுவதற்குள் முடிந்தது. கதவைச் சுற்றிலும், வண்டியில் வைத்திருந்த காந்தப் பட்டை ரப்பர். மூலைகள் சாய்வாக வெட்டி ஒட்டியவை. பூட்டின் நாக்கு இல்லை. அது போய் மாட்டுகிற குழியைத் தகடு வைத்து அடைத்துவிட்டேன். கைப்பிடியின் ஸ்பிரிங்கை மட்டும் விட்டுவைத்தேன். இழுத்தால் சத்தம் போடும், எதையும் பிடிக்காது. கதவைச் சாத்திக் காத்திருந்தோம். திறக்கவில்லை. சாமான் எடை பார்க்கிற கொக்கித் தராசைக் கதவில் மாட்டி இழுத்தேன். மூன்று கிலோ அரிசியைத் தூக்குகிற அளவுகூடப் பலம் வேண்டியிருக்கவில்லை, கதவு விட்டுக்கொடுத்தது. வாலு வயசுப் பிள்ளை உள்ளேயிருந்து ஒரு கையால் தள்ளினால் திறக்கும்.